முதலில் கையுறை வாங்குங்கள்

கனடாவின் ஒன்ராறியோவில், சிலிண்டர்க் காற்றோடு நீருக்கடியில் போகும் ஸ்கூபா பழகிச் சான்றிதழ் கைக்கு வந்ததும் எல்லாருக்கும் ஓர் அவசரம் தொற்றிக்கொள்ளும். சொந்தமாக ஒரு செற் வாங்கிவிட வேண்டும். கடைக்குப் போனால் ரெகுலேற்றர் (சிலிண்டர்க் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி தருவது), பி.சி.டி. (காற்றடித்து மிதப்பைச் சரிசெய்யும் அங்கி), கொம்பியூட்டர் (ஆழத்தையும் நேரத்தையும் கணிப்பது) மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு என்று விலை போட்டு வைத்திருப்பார்கள். அவற்றில் பல, விடுமுறைக்கு வெதுவெதுப்பான கடலுக்குப் போய்வருகிறவர்களுக்குப் பொருந்தும் செற்கள். 27 பாகை செல்சியஸ் நீரில் அவை அருமையாக வேலை செய்யும். நாங்கள் இறங்கப் போவதோ 4 பாகை ஏரிநீரில்.

குளிர் எங்களிடமிருந்து எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பறிப்பதில்லை. முதலில் விரல்கள் போகும். பிறகு முகமும் தலையும். அப்புறம் உடம்புச் சூடு, அதோடு சேர்ந்து நிதானம். பணத்தையும் அந்த வரிசையிலேயே செலவழிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இந்த வரிசைக்குள் அடங்காதது ரெகுலேற்றர் ஒன்றுதான். அதற்கு ஏன் தனி இடம் என்று பிறகு சொல்கிறேன்.

நீர் எப்படிப்பட்டது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். ரொபமோரியை எடுத்துக்கொள்ளுங்கள். ரொறன்ரோவிலிருந்து காரில் ஏறக்குறைய நாலு மணித்தியாலம். ஹியூரன் ஏரியும் ஜோர்ஜியன் விரிகுடாவும் சந்திக்கும் முனை. 1987இல் உருவான ஃபதம் ஃபைவ் தேசியப் பூங்கா அங்கேதான் இருக்கிறது. இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் அதற்குள் மூழ்கிக் கிடக்கின்றன. 1867இல் கட்டி 1885இல் மூழ்கிய ஸ்வீப்ஸ்ரேக்ஸ் என்ற பாய்க்கப்பல் வெறும் 6 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. படகில் இருந்தபடியே அதன் உடலைப் பார்க்கலாம். 1884இல் மூழ்கிய அரேபியா 30 மீற்றருக்கும் கீழே. நூற்று நாற்பது வருடம் கழிந்தும் மரம் மரமாகவே நிற்கிறது. கடலில் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பற்புழு நன்னீரில் வாழாது, குளிர் மற்றச் சிதைவையும் மெதுவாக்கிவிடுகிறது. நாங்கள் இந்த ஏரிக்கு ஆசைப்பட்டு வருவதற்கும், வந்து நடுங்குவதற்கும் காரணம் அந்தக் குளிரேதான்.

ஓகஸ்ற் மாதத்தில் மேற்பரப்பு 18 பாகை இருக்கும், இதமாக. கீழே இறங்க இறங்க ஓரிடத்தில் நீர் கண்ணாடிக்குள் எண்ணெய் கலந்ததுபோல் நெளியும். அதுதான் மேலேயுள்ள இதமான நீரும் கீழேயுள்ள குளிர்நீரும் சந்திக்கும் தேர்மோகிளைன். அதைத் தாண்டிக் கையை நீட்டினால், நெற்றி இன்னும் மேலேயுள்ள நீரில் இருக்க, விரல்கள் 6 பாகைக்குள் போய்விடும். நன்னீர் ஏறக்குறைய 4 பாகையில்தான் மிகவும் அடர்த்தியானது. அதனால் அந்தக் குளிர்ந்த நீர் அடியில் தங்கிவிடும், கோடை வெயில் அதைத் தொடுவதில்லை. கரையில் நின்று மேல்நீரின் வெப்பநிலையைக் கேட்டு உடுப்புத் தெரிவு செய்வதில் பயனில்லை. எந்த ஆழத்துக்குப் போகிறோம், அங்கே எத்தனை பாகை என்று கேட்க வேண்டும்.

சரி, கைக்கு வருவோம். 5 பாகை நீரில் மெல்லிய கையுறையோடு இறங்கினால் கொஞ்ச நேரத்தில் விரல் நுனிகள் வலிக்கும். வலிக்கும்வரை பரவாயில்லை. வலி நின்று மரத்துப்போனால்தான் ஆபத்து. பொத்தானை அழுத்துகிறோமா இல்லையா என்று விரலுக்கே தெரியாது. பி.சி.டி.க்குக் காற்றடிக்கும் இன்ஃபிளேற்றர், ஈயக்கட்டிப் பையின் கைப்பிடி, சகாவுக்குக் கொடுக்கும் மாற்று ரெகுலேற்றர் என்று உயிரைக் காக்கும் எல்லாமே நீருக்கடியில் விரலால் இயங்குவன. விரல் போனால் அவை உடம்பில் தொங்கும் பாரம் மட்டுமே.

5 மில்லிமீற்றர் ஐவிரல் கையுறை நல்ல தொடக்கம். அதிலும் குளிர்ந்தால் மூன்று விரல் கொண்ட 7 மில்லிமீற்றர் கையுறை இருக்கிறது. இரண்டு விரல்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும்போது ஒன்றையொன்று சூடாக்கும். உடம்பை நனையவிடாத ட்ரைசூட் போடுகிறவர்கள் மணிக்கட்டில் வளையம் பூட்டி நீர் புகாத கையுறை மாட்டலாம். உள்ளே மெல்லிய கம்பளிக் கையுறை. ஏரியில் மூழ்கிய கப்பல்களில் சீப்ரா மட்டிகள் அடர்த்தியாக ஒட்டியிருக்கும், அவற்றின் ஓட்டு விளிம்பு கூர்மையானது. நீர் புகாத கையுறையில் சின்ன ஓட்டை விழுந்தாலும் பனிநீர் உள்ளே வரும். எதையும் பிடிக்காமல் மிதக்கப் பழகுவதற்கு இது இன்னொரு காரணம்.

ஒரு வேலை செய்யுங்கள். வேறு எதையும் வாங்குவதற்கு முன் கையுறையை வாங்கி, அதைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். பார்க்கிற பி.சி.டி.யை மாட்டிக் கையுறையையும் போட்டுக் கண்ணை மூடுங்கள். மார்புப் பட்டியின் கிளிப்பைக் கழற்றிப் பூட்டுங்கள். காற்றடிக்கும் பொத்தான் எது, காற்றை வெளியேற்றும் பொத்தான் எது என்று தடவிக் கண்டுபிடியுங்கள். ஈயப் பையை இழுத்துப் பாருங்கள். அமுக்கமானியைக் கழற்றி முகத்துக்கு நேரே கொண்டுவாருங்கள். கடைக்காரர் விநோதமாகப் பார்த்தாலும் பாதகமில்லை. மென்மையான விரல்களுக்கென்று செய்த குட்டிக் கிளிப்புகளும் தட்டையான பொத்தான்களும் இந்தச் சோதனையிலேயே விழுந்துவிடும். பெரிய கொளுவி, தடித்த கைப்பிடி, கையுறைக்குள்ளும் தட்டுப்படும் பொத்தான், இவைதான் எங்களுக்கு வேண்டும். ரோர்ச் வாங்கும்போதும் இதே சோதனைதான்.

தலையுறை மலிவு. ஆனால் அதன் அளவை யாரும் கவனித்துப் பார்ப்பதில்லை. 7 மில்லிமீற்றர் தலையுறை முகத்தைச் சுற்றி இடைவெளியில்லாமல் ஒட்ட வேண்டும். கழுத்தில் மூச்சை நெரிக்கவும் கூடாது. உங்கள் மாஸ்க்கைக் கொண்டுபோய் இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். மாஸ்க்குக்கும் தலையுறைக்கும் நடுவில் நெற்றியில் ஒரு விரல் அகலத்துக்குத் தோல் தெரிந்தாலும் போதும், இறங்கிய முதல் நிமிடத்திலேயே அந்த இடம் விண்விண்ணென்று வலிக்கும். இறங்குவதற்கு முன் முகத்தை நீரில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் திணறல் அடங்கும். காதுக்கு மேலே தலையுறை இறுக்கமாக ஒட்டியிருந்தால் உள்ளே காற்று அடைபட்டுக் காதில் அமுக்கத்தைச் சமப்படுத்த முடியாமல் போகும். விளிம்பை விரலால் இழுத்துக் கொஞ்சம் நீரை விட்டால் சரியாகிவிடும்.

உடம்புக்கான உடுப்புத்தான் பெரிய செலவு. நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டை இழுக்கும். நீரைக் கொஞ்சம் உள்ளே விடும் வெற்சூட்டில் எங்களைக் காப்பது நியோபிரீன் இறப்பருக்குள் இருக்கும் நுண்ணிய காற்றுக் குமிழ்கள். 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இரட்டிப்பாகும்போது அந்தக் குமிழ்கள் கிட்டத்தட்டப் பாதியாகச் சுருங்கும், 20 மீற்றரில் மூன்றிலொன்றாக. ஆழம் கூடக் கூட நீரும் குளிர்ந்துகொண்டே போகிறது. சரியாக அதே நேரம் உடுப்பும் மெலிந்துகொண்டே போகிறது. கடையில் தொட்டுப் பார்த்த 7 மில்லிமீற்றர், அரேபியாவின் தளத்தில் 7 மில்லிமீற்றராக இருக்காது.

பல அடுக்குத் துணியாலான ட்ரைசூட்டில் உடுப்பு மெலியும் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அது தானாகச் சூடு தராது. அது நீரை வெளியே நிறுத்தும், அவ்வளவுதான். சூடு தருவது உள்ளே போடும் ஆடை. ஆகவே ட்ரைசூட்டுக்கு எவ்வளவு யோசிக்கிறீர்களோ அவ்வளவு உள்ளே போடும் ஆடைக்கும் யோசியுங்கள். பருத்தி வேண்டாம், வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு குளிர வைக்கும். ஃபிளீஸ், தின்சுலேற், மெரினோ கம்பளி நல்லவை. கழுத்திலும் மணிக்கட்டிலும் வரும் இறுக்குப்பட்டி லேற்றெக்ஸ், சிலிக்கோன், நியோபிரீன் என்று மூன்று வகையில் கிடைக்கும். சிலிக்கோன் வளையத்தில் பூட்டுவது, கிழிந்தால் நீங்களே வீட்டில் மாற்றலாம். முதல் ட்ரைசூட்டுக்கு அதைத்தான் நான் விரும்புவேன். சிப் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். முதுகில் இருந்தால் ஒவ்வொரு முறையும் இன்னொருவர் பூட்டிவிட வேண்டும்.

ட்ரைசூட்டுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். உள்ளே இருக்கும் காற்று காலுக்கு ஓடினால் உடம்பு தலைகீழாகும், காற்றை வெளியேற்றும் வால்வோ தோளில் இருக்கிறது. உடனே சுருண்டு உருண்டு நிமிரத் தெரிய வேண்டும். அதை ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது பழக வேண்டும், கப்பலுக்கு மேலே தனியாக நின்று பழகக் கூடாது.

சான்றிதழ் எடுத்த புதிதில் ஒரு தம்பி என்னிடம் வந்தான். கையில் கடையின் விலைப்பட்டியல்.

"அண்ணை, ட்ரைசூட் இல்லாமல் இஞ்ச டைவ் பண்ணேலாதோ?"

"ஏன் ஏலாது? எங்க, எப்ப எண்டதைப் பொறுத்தது. இந்தக் கோடைக்குப் புரொக்வில் பக்கம் போம். வெற்சூட்டே காணும்."

"ரொபமோரிக்கு?"

"அதுக்கு முதல் சூட் ஒண்டை வாடகைக்கு எடுத்துப் போட்டுப் பாரும் தம்பி. வாங்கிறதைப் பிறகு யோசிப்பம்."

புரொக்வில்லில் சென் லோறன்ஸ் ஆறு ஓடிக்கொண்டே இருப்பதால் நீர் கலந்துவிடும், தேர்மோகிளைன் இருக்காது. ஓகஸ்றில் அடிவரைக்கும் 20 பாகைக்கு மேல். நல்ல 7 மில்லிமீற்றர் வெற்சூட்டோடு அங்கே முழுக் கோடையும் கப்பல் பார்க்கலாம். நீரோட்டத்தைச் சமாளிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அது வேறு கதை. கையில் பணம் குறைவாக உள்ளவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் வருடம் உடுப்புக்கு ஏற்ற நீரைத் தேடிப் போங்கள். அந்த நேரத்தில் ட்ரைசூட்டுக்குச் சேமிக்கலாம். அரைகுறை உடுப்போடு 4 பாகைக்குள் இறங்கி, நடுங்கி, ஸ்கூபாவையே வெறுத்து விட்டுப்போனவர்களைக் கண்டிருக்கிறேன். அது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தரும் விஷயம். அவர்களுக்கு இந்த ஏரியைக் காட்டிக் கொடுத்தவர்கள் உடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இனி ரெகுலேற்றர். சமையல் வாயு சிலிண்டரிலிருந்து வாயு வேகமாக வெளியேறும்போது வால்வு சில்லிட்டுப்போவதைக் கண்டிருப்பீர்கள். இங்கேயும் அதேதான் நடக்கிறது, இன்னும் கடுமையாக. சிலிண்டரில் பூட்டும் முதற்கட்டம் 200 பார் அமுக்கத்தில் இருக்கும் காற்றைச் சூழலைவிட 10 பார் அளவு கூடிய அமுக்கத்துக்கு இறக்குகிறது. அப்படி விரியும் காற்று உறைநிலைக்கும் கீழே குளிர்ந்து உலோகத்தையும் குளிர வைக்கும். கடல்நீர் உறைய மைனஸ் 2 பாகைக்கு நெருக்கமாகப் போக வேண்டும். நன்னீருக்குப் பூச்சியமே போதும். சுற்றியுள்ள நீர் ஏற்கெனவே 4 பாகையில் இருக்கும்போது முதற்கட்டத்துக்குள் பனிக்கட்டி உருவாக அதிக நேரம் எடுக்காது. பனி பிடித்தால் வால்வு மூடாது. அமுக்கம் ஏறி, வாயில் கவ்வியிருக்கும் இரண்டாம் கட்டம் திறந்தபடியே நிற்கும். காற்று கட்டுப்பாடில்லாமல் கொட்டும். இதைத்தான் ஃப்ரீ ஃப்ளோ என்கிறோம். முகத்துக்கு முன்னால் குமிழ்கள் வெள்ளைச் சுவராக எழும், எதுவும் தெரியாது, இரைச்சலில் எதுவும் கேட்காது, அமுக்கமானியின் முள் கண்முன்னே இறங்கும். ஒரு சாதாரண சிலிண்டர் சில நிமிடங்களில் காலியாகிவிடும்.

இந்த ஒன்றில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். வேண்டியது, சுற்றியுள்ள நீர் உள்ளே நுழையாமல் மூடிக்கட்டிய டயஃபிராம் வகை முதற்கட்டம். அப்பெக்ஸ் நிறுவனம் பெரும்பாலும் இந்த வகையில்தான் செய்கிறது. ஸ்கூபாப்ரோவில் எம்கே17 இப்படிப்பட்டது. நீர் உள்ளே புகும் பிஸ்ரன் வகை, வெப்பமான கடலில் மூச்சு விட மிக நன்றாக இருக்கும். ஆனால் இந்த ஏரியில் அதை நான் புதியவருக்குச் சொல்ல மாட்டேன். ஐரோப்பிய ஈ.என். 250 தரப்படி சோதித்த கருவிகளில், குளிர்நீருக்குத் தேறாதவற்றின் மேல் 10 பாகைக்கு மேல் மட்டும் என்ற குறி பொறித்திருக்கும். சின்ன எழுத்துத்தான், வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அந்தக் குறி இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும்.

நல்ல கருவியும் முறையாகப் பயன்படுத்தாவிட்டால் உறையும். நீருக்கு மேலே குளிர்காற்றில் நின்று அதில் மூச்சுவிட்டுச் சோதித்துக்கொண்டே இருக்காதீர்கள், மூச்சின் ஈரம் உள்ளே உறையும். இரண்டாம் கட்டத்தின் நடுப்பொத்தானை நீண்ட நேரம் அழுத்தாதீர்கள். மூச்சு இழுக்கும் அதே கணத்தில் பி.சி.டி.க்குக் காற்றடிக்க வேண்டாம். இரண்டும் ஒன்றாகக் கேட்டால் முதற்கட்டத்தினூடே காற்று இரட்டிப்பாக ஓடும். சிறுசிறு அழுத்தமாக அடியுங்கள். சிலிண்டரில் நிரப்பும் காற்று உலர்ந்ததாக இருக்க வேண்டும், நம்பிக்கையான இடத்தில் நிரப்புங்கள். ஃப்ரீ ஃப்ளோ ஆகும்போது எப்படி மூச்சு விடுவது என்று பயிற்சியில் சொல்லித் தந்ததை மறந்துவிடாதீர்கள். வாயை இறுக்காமல், மிஞ்சும் காற்றை வெளியே விட்டபடி தேவையானதை மட்டும் உறிஞ்ச வேண்டும். அதை வருடா வருடம் ஆழமில்லாத இடத்தில் ஒருமுறை செய்துபாருங்கள். தேர்மோகிளைனுக்குக் கீழே அடிக்கடி போகத் தொடங்கியதும் தனி ரெகுலேற்றரோடு ஒரு சிறு சிலிண்டர் பக்கத்தில் கட்டிக்கொள்வது நல்லது. ரோர்ச் அளவில் விற்கும் கையடக்கப் போத்தல்களில் 25 மீற்றரிலிருந்து நிதானமாக ஏறக் காற்றுப் போதாது.

எடை விஷயத்துக்கு வருகிறேன், இது பலரைக் குழப்புகிறது. கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய இரண்டரை சதவீதம் அடர்த்தி கூடியது. ஆளும் கருவியும் சேர்ந்து 100 கிலோ என்றால் ஏரியில் கடலைவிட இரண்டரைக் கிலோ ஈயம் குறைவாகப் போதும். ஆனால் தடித்த உடுப்பு அதைவிட எத்தனையோ கிலோ கூட்டிக் கேட்கும். முடிவில் கடலில் மெல்லிய வெற்சூட்டோடு இறங்கியவர் இங்கே இரண்டு, மூன்று மடங்கு ஈயம் கட்ட வேண்டி வரலாம். உடுப்பு மாறும்போதெல்லாம் திரும்ப அளக்க வேண்டும். சிலிண்டரில் 40 பார் அளவு மிச்சம் இருக்கும்போது, பி.சி.டி.யில் காற்றில்லாமல், சாதாரணமாக மூச்சை இழுத்து நிறுத்தினால் கண் மட்டத்தில் மிதக்க வேண்டும். முழுச் சிலிண்டரோடு பார்த்தால் கணக்குத் தவறும், உள்ளே இருக்கும் காற்றுக்கே இரண்டரைக் கிலோவுக்கு மேல் எடை உண்டு.

இவ்வளவு ஈயத்தையும் இடுப்பில் மட்டும் கட்டினால் முதுகு சொல்லும். எனக்குப் பிடித்தது எஃகு முதுகுத்தகடும் அதன் பின்னால் விங் என்ற காற்றுப் பையும். தகடு மட்டும் இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். அந்த எடை சுவாசப்பைக்கு நேரே வந்து உட்காரும். அலுமினியச் சிலிண்டர் காற்றுத் தீரத் தீர மேலே இழுக்கும். உயர் அமுக்க எஃகுச் சிலிண்டர்கள் பெரும்பாலும் வெறுமையானாலும் மிதக்காது, அந்த அளவுக்கு ஈயம் குறையும். ஜாக்கெற் வகை பி.சி.டி. வைத்திருப்பவர்கள் உடனே மாற்ற வேண்டியதில்லை. ட்ரைசூட்டுக்கு மேல் பட்டி எட்டுகிறதா, ஆழத்தில் வெற்சூட் சுருங்கிய பிறகும் உங்களைத் தூக்கும் அளவுக்கு அதில் காற்றுப் பிடிக்குமா என்பதை மட்டும் பாருங்கள்.

மாஸ்க் முகத்துக்குப் பொருந்தினால் போதும், விலையைப் பார்க்காதீர்கள். காலில் மாட்டும் துடுப்பான ஃபின்னைத் தடித்த பூட்ஸோடு போட்டுப் பாருங்கள், ஸ்பிரிங் பட்டி இருந்தால் கையுறையோடு மாட்டலாம். மீன்பிடி நூல் அறுக்க ஒரு சின்ன வெட்டுக்கத்தி வேண்டும். கொம்பியூட்டரில் நன்னீர், உப்புநீர் என்று ஒரு தெரிவு இருக்கும். அது காட்டும் ஆழத்தைத்தான் கொஞ்சம் மாற்றும். உடம்பில் சேரும் நைதரசனின் கணக்கு அமுக்கத்தை வைத்தே போடப்படும் என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. ஹியூரன் ஏரியின் மேற்பரப்பு கடல்மட்டத்திலிருந்து 176 மீற்றர்தான், உயரத்துக்கான திருத்தமும் தேவையில்லை.

பழையது வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஃபின், தகடு, விங் தாராளமாக வாங்கலாம். பழைய வெற்சூட் வேண்டாம், குமிழ்கள் நசுங்கிப்போன இறப்பர் சூடு தராது. பழைய ரெகுலேற்றரென்றால் உதிரிப்பாகம் இன்னும் கிடைக்கிறதா என்று திருத்துபவரிடம் கேட்டுவிட்டு, திருத்தும் செலவையும் கூட்டிப் பாருங்கள். சிலிண்டரில் கனடாப் போக்குவரத்துத் துறையின் ரி.சி. முத்திரையும் ஐந்து வருடத்துக்குள் செய்த நீரமுக்கச் சோதனைத் திகதியும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இங்கே நிரப்பித் தர மாட்டார்கள்.

கரையில் போடுவதற்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். காற்றுப் புகாத நீண்ட அங்கி, கம்பளித் தொப்பி, பிளாஸ்க்கில் வெந்நீர். வெற்சூட்காரர்கள் இறங்குவதற்கு முன் அந்த வெந்நீரைக் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆற்றிக் கையுறைக்குள்ளும் கழுத்து வழியாகவும் ஊற்றிக்கொள்ளலாம். முதல் டைவை விட, நனைந்து காற்றில் நின்றபிறகு போகும் இரண்டாவது டைவில்தான் பலரும் குளிரில் அகப்படுகிறார்கள்.

நன்னீர்தானே, உப்பில்லையே என்று கழுவாமல் விடாதீர்கள். சீப்ரா மட்டியின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாது. பி.சி.டி.க்குள் தேங்கிய ஒரு கோப்பை நீரிலும், பூட்ஸின் ஈரத்திலும் ஏறிக்கொண்டு அடுத்த ஏரிக்குப் போய்விடும். பி.சி.டி.யைக் கவிழ்த்து வடித்து, எல்லாவற்றையும் வெந்நீரில் அலசி, முழுதாகக் காய்ந்த பிறகே வேறு ஏரிக்குக் கொண்டுபோங்கள். தடித்த கையுறைகள்தான் காயக் கடைசி, உள்பக்கத்தை வெளியே புரட்டித் தொங்கவிடுங்கள்.